கடைசியில் சாப்பிடுகிறவள் சாப்பிட்டாளா?

தர்மபுரி மாவட்டத்தில், அரூருக்குப் பக்கத்தில் இருக்கிறது தீர்த்தமலை. அரூரில் பஸ் ஏறினால் சுமார் 16 கிலோ மீட்டர். மலை மேல் தீர்த்தகிரீசுவரர் கோவில். பாறை இடுக்கில் இருந்து தண்ணீர் கொட்டுகிறது. ராமர் தீர்த்தம், குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்தியர் தீர்த்தம், அக்கினி தீர்த்தம் என்று அங்கே பல தீர்த்தங்கள். ராமர் அம்பு எய்து வரவழைத்த தண்ணீர்தான் ராமர் தீர்த்தம் என்பது கதை. அகத்தியர் தீர்த்தத்துக்கு வேறு ஒரு பெருமை. அது வயிற்றுக் கோளாறைத் தீர்க்கும் என்பது பக்தர்களின் நம்பிக்கை.

அந்த மலை அடிவாரத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக் கொள்வோம். கணவன் பெங்களூரில் கட்டிட வேலை செய்கிறான். பதினைந்து நாளைக்கு ஒரு முறை வருகிறான். வீட்டில் மாமியார், மருமகள், இரண்டு குழந்தைகள்.

மருமகள் விடியும் முன்பே எழுந்து விடுகிறாள். களி கிண்டுகிறாள். கீரை கடைகிறாள். குழந்தைகளுக்குப் போடுகிறாள். மாமியாருக்குப் போடுகிறாள். பாத்திரம் கழுவுகிறாள். மாட்டைப் பார்க்கிறாள். எல்லாம் நடக்கிறது. எதிலும் குறை இல்லை.

ஒரு நாள் மாமியார் கழுநீர்த் தொட்டியைப் பார்க்கிறாள். முழுக் களி உருண்டை ஒன்று அதில் கிடக்கிறது. முந்தின நாளும் அப்படித்தான் கிடந்தது. அதற்கு முந்தின நாளும் கிடந்ததாக இப்போதுதான் நினைவு வருகிறது.

"ஏம்மா, நீ சாப்பிடலையா?"

"இறங்கல அத்தை. வாயில வெச்சா மண்ணு மாதிரி இருக்கு."

"எத்தனை நாளா?"

பதில் இல்லை. மருமகளின் ரவிக்கை தோளில் தொங்குகிறது. கை வளையல் முழங்கை வரை ஏறி இறங்குகிறது. ஒரே வீட்டில் இருந்தும் இதை யாரும் பார்க்கவில்லை!

ஏன் பார்க்கவில்லை? அவள்தான் கடைசியில் சாப்பிடுகிறவள். எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, அடுப்பங்கரையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவள். அவள் தட்டில் என்ன இருந்தது, எவ்வளவு உள்ளே போயிற்று என்று பார்க்க அங்கே ஆள் இல்லை.

எங்கே கோளாறு?

பக்கத்து வீட்டார் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். "காத்துக் கருப்பு பட்டிருக்கும்" என்பார் ஒருவர். "யாரோ செய்வினை வெச்சுட்டாங்க" என்பார் இன்னொருவர். "வேளா வேளைக்குக் கிடைக்குது இல்லே, அந்தக் கொழுப்பு" என்று சொல்லும் நாக்கும் உண்டு. மாமியார் நல்லவளாக இருந்தால் மருமகளை மலைக்கு அழைத்துப் போய் அகத்தியர் தீர்த்தம் வாங்கிக் கொடுப்பாள்.

மலைக்குப் போவதில் தவறு இல்லை. வீட்டை விட்டு வெளியே வந்து, காற்றாட நடந்து, குளிர்ந்த தண்ணீரை முகத்தில் அடித்துக் கொண்டாலே ஒரு தெம்பு வரும். ஆனால் கோளாறு வயிற்றில் இல்லை என்றால் என்ன செய்வது?

பசி வயிற்றில் மட்டும் பிறப்பது அல்ல. பசியை ஆட்டிப் படைப்பது மூளை. பரீட்சை அன்று காலையில் பையனுக்கு இட்லி இறங்குவது இல்லை. வயிறு கெட்டா போயிற்று? இல்லை. பயம்! இழவு விழுந்த வீட்டில் யாருக்கும் சோறு வேண்டியிருப்பது இல்லை. அது துக்கம்.

இந்தப் பயமும் துக்கமும் சில நாளில் தணிந்து விடும். பசியும் திரும்பி விடும். தணியாமல் தங்கி விடுவதும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல், அநேகமாக நாள் முழுவதும் மனம் இருண்டு கிடக்கிறது. எதிலும் ஆசை இல்லை. தூக்கம் கெடுகிறது. எழுந்து நடக்கவே அலுப்பாக இருக்கிறது. "நான் எதற்கும் உதவாதவள்" என்ற எண்ணம் வாட்டுகிறது. இதைத்தான் டாக்டர்கள் மனச்சோர்வு நோய் என்கிறார்கள். பசி போவது இந்த நோயின் முக்கியமான அடையாளங்களில் ஒன்று. சிலருக்கு இதற்கு நேர்மாறாகக் கண்டதையும் தின்னத் தோன்றும். ஆனால் "சோறு இறங்கவில்லை" என்பவர்களே நம் வீடுகளில் நிறைய.

இந்த நோய் வந்தால் நாக்குக்கு ருசி தெரிவது இல்லை. வாய் வறண்டு போகிறது. இரண்டு கவளம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்தது போல இருக்கிறது. மலச்சிக்கலும் சேர்ந்து கொள்கிறது. வாசனையே குமட்டுகிறது. களி மண்ணாக இருக்கிறது என்று அந்த மருமகள் சொன்னது பாசாங்கு அல்ல. அவளுக்கு உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறது.

இது ஏதோ அபூர்வமான வியாதி என்று நினைக்க வேண்டாம். பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மனநல மருத்துவ நிலையம் 2015-16ல் நாட்டின் பல மாநிலங்களில் கணக்கு எடுத்தது. பெரியவர்களில் சுமார் 20 பேருக்கு ஒருவரை வாழ்நாளில் ஏதோ ஒரு சமயம் இந்த நோய் பிடித்திருக்கிறது என்று அதில் தெரிந்தது. 20 பேர் என்றால் ஒரு சின்னத் தெரு!

அமெரிக்காவில் நடந்த இரண்டு சம்பவங்கள்

மனத்துக்கும் சோற்றுக்கும் உள்ள தொடர்பை அமெரிக்காவில் நடந்த இரண்டு சம்பவங்கள் தெளிவாகக் காட்டின.

முதல் சம்பவம் இரண்டாம் உலக யுத்தம் முடியும் தறுவாயில் நடந்தது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு சோதனை நடத்தினார். யுத்தத்தால் பட்டினி கிடந்த ஜனங்களை எப்படித் தேற்றுவது என்று கண்டு பிடிக்கவே இந்தச் சோதனை. திடகாத்திரமான வாலிபர்கள் 36 பேர் தாங்களாக முன் வந்தார்கள். 1945ல் ஆறு மாத காலம் அவர்களுக்கு அரை வயிற்றுச் சாப்பாடுதான் கொடுத்தார்கள்.

உடம்பு இளைத்தது. அது எல்லோரும் எதிர்பார்த்ததுதான். ஆனால் அவர்களுடைய மனமும் மாறிப் போயிற்று! கலகலப்பாக இருந்தவர்கள் முகம் தொங்கி உட்கார்ந்தார்கள். சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுந்தார்கள். சிநேகிதர்கள் வேண்டாம், சிரிப்பு வேண்டாம் என்று ஒதுங்கினார்கள். நல்ல மனத்தோடு வந்தவர்களையும் அரை வயிறு இந்த நிலைக்குக் கொண்டு வந்து விட்டது.

ஆக, மனம் சோர்ந்தால் சாப்பாடு குறைகிறது. சாப்பாடு குறைந்தால் மனம் இன்னும் சோர்கிறது. செக்கு மாடு மாதிரி இது சுற்றிச் சுற்றி வருகிறது.

இரண்டாவது சம்பவம் 1952ல் நடந்தது. நியூயார்க்கில் சீ வியூ என்று ஒரு காசநோய் ஆஸ்பத்திரி. அங்கே காசநோய்க்கு ஐப்ரோனியாசிட் என்ற புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். "இன்னும் சாப்பாடு கொண்டு வா" என்று கேட்டார்கள். சிலர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நடனம் ஆடினார்கள்! பத்திரிகைகளில் படம் வந்தது.

டாக்டர்கள் யோசித்தார்கள். இந்த மருந்து நுரையீரலோடு நிற்காமல் மனத்தையும் தூக்கி விடுகிறதே! 1957ல் நேதன் கிளைன் என்ற டாக்டர், மனம் சோர்ந்தவர்களுக்கு இதைக் கொடுத்ததில் பலன் கண்டதாக அறிவித்தார். மனச்சோர்வுக்கு மாத்திரை உண்டு என்று உலகம் அறிந்தது அந்தச் சமயத்தில்தான். ஐப்ரோனியாசிட் ஈரலைக் கெடுத்ததால் பிறகு கைவிடப்பட்டது. இன்று டாக்டர்கள் கொடுப்பவை வேறு மருந்துகள்.

திட்டினால் பசி வருமா?

வராது. இருக்கிற பசியும் ஓடி விடும்.

"உனக்காக ஆக்கி வெச்சேனே, தின்னாம கொட்டுறியே" என்று சொன்னால், ஏற்கெனவே தன்னைக் குற்றவாளி என்று நினைத்துக் கொண்டிருப்பவள் இன்னும் குறுகிப் போவாள். பிறகு சாப்பிட்டதாகப் பொய் சொல்லத் தொடங்குவாள். தட்டை நனைத்து வைப்பாள். "இன்னைக்கு விரதம்" என்பாள். வெள்ளிக்கிழமை விரதம், செவ்வாய்க்கிழமை விரதம், கிருத்திகை விரதம் என்று நாட்கள் கூடிக் கொண்டே போகும். பக்தி என்று வீட்டார் பெருமைப்படுவார்கள். விரத நாட்கள் திடீரென்று கூடினால் சற்று விசாரிப்பது நல்லது.

வாயில் திணிப்பதும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து கூடச் சாப்பிடுவதே மேல். "வாம்மா, ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம்" என்று அத்தை கூப்பிட்டால் மருமகளுக்கு மறுக்க மனம் வராது. அவள் நாலு வாய் சாப்பிட்டு எழுந்தாலும், "அவ்வளவுதானா?" என்று கேட்க வேண்டாம். நேற்று மூன்று வாய்தானே!

இழவு வீட்டில் அடுப்பு மூட்டுவது இல்லை. உறவுக்காரர்களும் பக்கத்து வீட்டாரும் சமைத்துக் கொண்டு வருகிறார்கள். கையைப் பிடித்து உட்கார வைத்து, "ஒரு வாய் சாப்பிடு" என்கிறார்கள். துக்கத்தில் இருப்பவனுக்குச் சமைக்கவும் முடியாது, பசிக்கவும் பசிக்காது என்று நம் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் மனச்சோர்வில் இருப்பவளின் வீட்டு வாசலில் பறை அடிப்பது இல்லை. அவள் துக்கம் தெருவுக்குத் தெரிவது இல்லை. அவளுக்கு யாரும் சோறு கொண்டு வருவதும் இல்லை. அவளேதான் எல்லோருக்கும் சமைத்துப் போட வேண்டும்! கொஞ்ச நாளைக்கு வேறு ஒருவர் கரண்டியைப் பிடித்தால் குடி ஒன்றும் முழுகி விடாது. ஊரில் இருந்து வரும் கணவனும் பிடிக்கலாம்.

என்ன கொடுப்பது?

பசி வரட்டும், பிறகு சாப்பிடலாம் என்று காத்திருக்கக் கூடாது. அது இப்போதைக்கு வராது. கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டும். மூன்று வேளை நிறையச் சாப்பிட முடியாதவர்கள் ஐந்து ஆறு வேளை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடலாம். பெரிய தட்டில் குவித்து வைத்தால் பார்த்ததுமே மலைப்பு வரும். சின்னக் கிண்ணம் நல்லது.

மெல்ல முடியாதவர்களுக்குக் குடிக்கிற ஆகாரம் எளிது. இதற்குத் தர்மபுரிப் பக்கத்தில் பஞ்சமே இல்லை. கேழ்வரகுக் கூழில் மோர் விட்டுக் கரைத்துக் கொடுக்கலாம். பாலும் வெல்லமும் சேர்த்துக் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சலாம். கம்பங்கூழ், சாமைக் கஞ்சி, பருப்புத் தண்ணீர் எல்லாம் நல்லவை. கொஞ்சம் தின்றாலும் தெம்பு தருவது நிலக்கடலை. ஒரு கடலை உருண்டை, ஒரு வாழைப்பழம், ஒரு அவித்த முட்டை, இவை அடுப்புப் பக்கம் போகாமலே கைக்குக் கிடைக்கும்படி இருக்க வேண்டும். தாளிக்கிற வாசனை குமட்டினால் ஆறிய சாப்பாடு கொடுக்கலாம். பழைய சோறும் தயிரும் இறங்குகிறவர்களுக்கு அதுவே போதும். சத்துக் கணக்குப் பார்க்கிற நேரம் இது அல்ல. எது இறங்குகிறதோ அது நல்ல சாப்பாடு.

காலை இளவெயிலில் கொஞ்ச தூரம் நடந்து விட்டு வந்தால் பசிக்கும், தூக்கத்துக்கும் உதவும்.

டீயைக் கவனிக்க வேண்டும். நாள் முழுக்க டீயும் வெற்றிலை பாக்குமாகக் காலம் தள்ளுகிற பெண்கள் உண்டு. இரண்டும் பசியை அமுக்கி விடும். ஆண்களில் சிலர் சோற்றுக்குப் பதில் சாராயத்தை நாடுகிறார்கள். அது மனச்சோர்வை இன்னும் ஆழமாகத் தள்ளும்.

சர்க்கரை வியாதிக்காரர்கள் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரை போட்டாலும் இன்சுலின் ஊசி போட்டாலும், ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கி மயக்கம் வரலாம். உயிருக்கே ஆபத்து. சாப்பாடு குறைந்து விட்டது என்று டாக்டரிடம் உடனே சொல்லி அளவை மாற்றிக் கொள்ள வேண்டும்.

டாக்டரிடம் எப்போது?

எல்லாப் பசியின்மையும் மனத்தால் வருவது அல்ல. காசநோய், மஞ்சள் காமாலை, தைராய்டு கோளாறு, சர்க்கரை, ரத்த சோகை, குடல் புண், வயதானவர்களுக்குப் புற்றுநோய் என்று வேறு பல காரணங்கள் உண்டு. கர்ப்பமாகக் கூட இருக்கலாம். அதனால் முதலில் உடம்பைச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடங்கலாம். ஒரு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு எடை குறைந்தால், அதாவது 50 கிலோ உள்ளவர் இரண்டரை கிலோ இளைத்தால், தாமதிக்கக் கூடாது.

தண்ணீர் கூட இறங்கவில்லை, எழுந்தால் மயக்கம் வருகிறது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். இந்தப் பேச்சைக் கேட்ட பிறகு அவரைத் தனியாக விடக் கூடாது. வயலுக்கு வாங்கி வைத்த பூச்சி மருந்தைப் பூட்டி வைக்க வேண்டும். பிள்ளை பெற்ற தாய்க்கு இப்படி நேர்ந்தால் இரண்டு உயிர் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

அரூரில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. தர்மபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே மனநல டாக்டரைப் பார்க்கலாம். பஸ் ஏற முடியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 2022 அக்டோபர் 10ந் தேதி மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை இது. காசு வேண்டாம். இரவு பகல் எந்த நேரமும் பேசலாம். தமிழிலேயே பேசலாம்.

மாத்திரை கொடுத்தால் ஒன்றைத் தெரிந்து கொள்ள வேண்டும். தலைவலி மாத்திரை மாதிரி அன்றைக்கே பலன் தெரியாது. இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் சில மாத்திரைகள் குமட்டலைக் கூட உண்டாக்கும். "இருந்த பசியும் போச்சு" என்று பயந்து பலர் அப்போதே நிறுத்தி விடுகிறார்கள். நிறுத்தாமல் டாக்டரிடம் போய்ச் சொன்னால் அவர் மாத்திரையை மாற்றுவார். பசியைத் தூண்டுகிற மாத்திரைகளும் இருக்கின்றன. குணம் தெரிந்த பிறகும் பல மாதம் தொடர்ந்து சாப்பிட வேண்டியிருக்கும். மாத்திரை இல்லாமல், பேச்சினாலேயே தேறுகிறவர்களும் உண்டு.

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டில் இந்தப் பேச்சு வைத்தியத்தைப் பாட்டிகளிடமே ஒப்படைத்தார்கள். டிக்சன் சிபாண்டா என்ற மனநல டாக்டர் 2006ல் தொடங்கி வைத்தார். சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு மர பெஞ்சு. அதில் பயிற்சி பெற்ற ஒரு பாட்டி. மனம் நொந்து வருகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார்கள். அவ்வளவுதான்! இது உண்மையிலேயே பலன் தருகிறதா என்று முறையாகச் சோதித்தார்கள். 2016ல் முடிவு வெளியாயிற்று. பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களுக்கு நல்ல குணம் தெரிந்தது.

பாட்டிகளுக்குத் தீர்த்தமலையிலும் குறைவு இல்லை. திண்ணைக்கும் குறைவு இல்லை.

ஒரு கேள்வி சேர்த்தால் என்ன?

தர்மபுரிக்கு அடுத்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சாமனப்பள்ளி என்ற கிராமத்தில், 2021 ஆகஸ்டு 5ந் தேதி, "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் தொடங்கியது. ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கும் திட்டம். மலையும் காடுமாக உள்ள இந்தப் பிரதேசத்துக்கு இது பெரிய உதவி.

இப்படி வீட்டுக்கு வருகிற பெண் பணியாளர், கிழவரின் ரத்தக் கொதிப்பைப் பார்த்து விட்டு எழுந்திருக்கும் முன், அடுப்பங்கரைப் பக்கம் திரும்பி, "நீ சாப்பிடுறியாம்மா? ராத்திரி தூக்கம் வருதா?" என்று கேட்டால் எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிஷம். ஒவ்வொரு வீட்டிலும் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும் என்று உத்தரவு போட சர்க்காருக்குப் பெரிய செலவு இல்லை. முகத்தை மூடிக் கொண்டு மனநல டாக்டரைத் தேடிப் போகக் கூசுகிற பெண்ணும், வாசலில் வந்து கேட்டால் பதில் சொல்வாள். இதைச் செய்ய வேண்டும்.

அந்த அடிவாரத்துக் குடும்பத்தில் மாமியார் மருமகளை மலைக்கும் அழைத்துப் போகட்டும். திரும்புகிற வழியில் அரூருக்கும் பஸ் ஏறட்டும். மருந்து ஆரம்பித்த பின் முதல் வாரம் ஒன்றும் தெரியாது. இரண்டாவது வாரம் ராத்திரி கொஞ்சம் தூக்கம் வரலாம். சாப்பாடு அப்போதும் அரை கிண்ணம்தான். மாமியார் பொறுத்துக் கொண்டு கூட உட்கார வேண்டும். பிறகு என்றைக்காவது ஒரு நாள் மத்தியானம், பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்தி, மருமகள் கேட்பாள்:

"அத்தை, கொஞ்சம் ஊறுகாய் இருக்கா?"